ஊஸ்டரில் இரண்டு தடவை கேட்ட கேள்விகள்

சுவிட்சர்லாந்தில் ரயில் கதவு தானாகத் திறக்காது. விசாவுக்கு அத்தனை காகிதம் கேட்டவர்கள் இந்த ஒரு வரியையும் எழுதிக் கொடுத்திருக்கலாம். சூரிச்சுக்குப் பக்கத்தில் நான் இறங்க வேண்டிய ஊஸ்டர் வந்துவிட்டது, பெயர்ப் பலகை கண்ணெதிரே நிற்கிறது, நான் இரண்டு பெட்டிகளையும் பிடித்துக்கொண்டு கதவின் முன்னால் காத்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தாம்பரம் மின்சார ரயிலில் கதவு மூடி நான் பார்த்ததே இல்லை, திறப்பதைப் பற்றி எங்கே யோசிப்பது? வண்டி என்னை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே நாயோடு நின்ற ஒரு மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் எனக்காகப் பொத்தானை அமுக்கினார். நாய்தான் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தது.

நான் அங்கே போனது 2013 மார்ச்சில், ஒரு கேள்வித்தாளுக்காக. என் தொழில் குரல். மேடையில் பாடுகிற குரல் இல்லை, கெட்டுப்போன குரல். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் கட்டி எவ்வளவு பெரியது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கட்டி ஒருவருடைய நாளை எவ்வளவு கெடுக்கிறது என்பது தெரியாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போன் அடித்தால் எடுக்கத் தயங்குகிறீர்களா? கடையில் பேசாமல் விரலால் காட்டி வாங்குகிறீர்களா? சாயங்காலத்துக்குள் குரல் தீர்ந்துவிடுகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இடமிருந்து வலமாக, ‘ஒருபோதும் இல்லை’யில் தொடங்கி ‘எப்போதும்’ வரை, ஐந்து கட்டங்கள். ஒன்றில் கோடு போட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளைப் பாரசீக மொழிக்குக் கொண்டுபோகிற வேலையை மஹ்னாஸ் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இஸ்ஃபஹானில் பிறந்தவள், சூரிச்சில் ஒரு மருத்துவமனையில் என்னைப்போலவே குரல் சிகிச்சை செய்கிறாள். அவளிடம் வருகிற ஈரானியர்களும் ஆஃப்கானியர்களும் ஜெர்மன் படிவத்தைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக அவள் வலமிருந்து இடமாக ஒரு படிவம் செய்தாள். ‘அப்படியே தமிழர்களுக்கும் ஒன்று செய்துவிடு’ என்றாராம் மேலதிகாரி, இட்லி மாவிலேயே ரெண்டு ஊத்தப்பம் ஊற்றச் சொல்வது போல. ஒரு மாநாட்டில் மத்தியானச் சாப்பாட்டைச் சேர்ந்து திட்டிய சிநேகிதம் எங்களுக்கு. எனக்கு எழுதினாள். ஆறு வார விடுப்பு எடுத்துக்கொண்டு போய் ஊஸ்டரில் அவள் வீட்டுச் சின்ன அறையில் இறங்கினேன்.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காய் நறுக்கும்போதுகூட நடந்துகொண்டே நறுக்குகிறேன் என்று என் கணவர் புகார் சொல்வார். ஊஸ்டரில் முதல் ஞாயிறு வந்தது. துணி துவைக்கலாம் என்று எழுந்தேன். ஞாயிறு மெஷின் போடக்கூடாதாம். காலி பாட்டில்களையாவது தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அதுவும் கூடாதாம், சத்தம் வருமாம். கடைகள் பூட்டு.

“அப்போ இன்னிக்கு என்னதான் செய்வாங்க?” என்றேன்.

“நடப்பார்கள்” என்றாள் மஹ்னாஸ்.

ஏரிக்கரையில் போய்ப் பார்த்தால் ஊரே நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் எங்கேயும் போகிறதாகத் தெரியவில்லை. நான் மட்டும் எல்லோரையும் முந்திக்கொண்டு போய், போன வேகத்தில் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை சூரிச் மருத்துவமனைக்குத் தமிழ் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சென்னையில் நான் எழுதி எடுத்துப்போன ‘பேசும்போது’ எல்லாம் ‘கதைக்கும்போது’ ஆயிற்று. முதல் நாளே எனக்குச் சாப்பாடு வந்துவிட்டது, ஒரு டப்பாவில் மீன் கட்லெட், இன்னொன்றில் ஆட்டிறைச்சி றோல்ஸ். நான் சைவம் என்றதும் றோல்ஸ் கொண்டுவந்த ரஞ்சன் அண்ணை உண்மையிலேயே வருத்தப்பட்டார். வாரநாட்களில் உணவகச் சமையலறை, சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து அறிவிப்பு, இரண்டிலும் குரலைத் தேய்த்தவர். “அப்ப அடுத்த முறை உருளைக்கிழங்கு றோல்ஸ் கொண்டாறன்” என்று கரகரத்துவிட்டுப் போனார்.

புவனேஸ்வரி அக்காவைப் பார்த்ததும் அந்த வாரம்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பல வருஷங்களாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காது கேட்காதவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைத்து, நாள் முழுக்க உரக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி வந்திருந்தது. ஆபத்தான கட்டி இல்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. குரல் இப்படியே இருந்தால் மாதக் கடைசியோடு மாடியிலிருந்து நிலவறைக்கு, துணி தோய்க்கிற பகுதிக்கு மாற்றப்போவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

“சம்பளம் அதே சம்பளந்தான், மிஸ்,” என்றார் அக்கா. “ஆனா அங்க மெஷினோடதான் கதைக்கவேணும்.”

அன்று அந்த மேற்பார்வையாளர்தான் தன் காரில் அக்காவை அழைத்துவந்திருந்தார். நல்ல பெண்மணி. அக்காவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா மளமளவென்று கோடுகள் போட்டு நீட்டினார். எல்லாமே இடது ஓரத்தில். காற்றாகப் பேசுகிற ஒருவருக்குக் குரலால் ஒரு தொந்தரவும் இல்லையாம்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். உயரமானவர், எதையும் அவசரமாகச் செய்யாதவர். வாழ்க்கைக்கு இடைஞ்சல் செய்யாத கட்டியை நான் கத்தியால் தொடுவதில்லை என்றார். இரண்டு வாரம் கழித்து இதே தாளை இன்னொரு தடவை நிரப்பட்டும், அப்போதும் இப்படியே இருந்தால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் நோயாளி போட்ட கோட்டை நான் நகர்த்த முடியாது.

இரண்டாம் தடவை கேட்பது எங்கள் தொழில் வழக்கம். புதுப் படிவம் நம்பத்தக்கதா என்று பார்க்க, அதே ஆளிடம் அதே கேள்விகளைச் சில நாள் விட்டு மறுபடி கொடுப்போம். நோய் அப்படியே இருந்தால் விடைகளும் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். கிட்டத்தட்ட என்பது முக்கியம். மனிதர்கள் ஒரு நாள் ‘சிலசமயம்’ என்பார்கள், இன்னொரு நாள் ‘அடிக்கடி’ என்பார்கள். அந்த ஆட்டம் சின்னதாக இருந்தால் படிவம் பாஸ்.

காத்திருந்த அந்த இரண்டு வாரம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. கையில் ரயில் பாஸ் இருந்தது, கால் நிற்கவில்லை. ஒரு நாள் ஃப்ரிபூர்க் போனேன். அங்கே ஒரு தெருவில் ஜெர்மன், அடுத்த தெருவில் பிரெஞ்சு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். சரிவில் ஏறி இறங்க ஒரு கயிற்று ரயில் வைத்திருக்கிறார்கள். மேலே நிற்கும் பெட்டியில் ஊர்ச் சாக்கடைத் தண்ணீரை நிரப்பி, அந்தக் கனத்தில் கீழ்ப்பெட்டியை மேலே இழுக்கிறார்கள். வாசனைக்குக் குறைவில்லை. கூவத்தை வைத்துக்கொண்டு நாம் இத்தனை காலம் ஒன்றுமே செய்யவில்லையே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது அங்கே ஸ்டேஷனில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“இந்தியாவோ? சும்மா பாக்க வந்தனீங்களோ?”

“வேலையா வந்தேன். இப்ப சும்மா காத்துக்கிட்டிருக்கேன்.”

“இந்த நாட்டில நாங்கள் எல்லாரும் முதல் செய்தது அதுதான்” என்று சிரித்துவிட்டு மறுபடி துடைக்கப் போனார். அவர் என்ன சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. மாதக் கடைசி நெருங்குகிறது, அக்காவை நிலவறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற கவலைதான் ரயில் முழுக்க.

இரண்டாம் சுற்று தொடங்கியது. முதலில் வந்தவர்களின் புதுத் தாள்களைப் பழைய தாள்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட நகரவில்லை. மறுநாள் வந்தவர்களும் அப்படியே. என் தமிழைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் உண்டு என்றாலும் இவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கட்டுரையை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மஹ்னாஸ் என்னைக் கௌரவிக்கச் சமைத்தாள். பானையைத் தட்டில் கவிழ்த்ததும் அடியில் பிடித்த சோறு பொன்னிறமாக மேலே வந்து உட்கார்ந்தது. நம் வீடுகளில் சோறு அடிப்பிடித்தால் வசவு விழும். அவர்கள் வீட்டில் அந்த அடிக்குத்தான் அண்ணன் தங்கைக்குள் சண்டையாம். மொறுமொறுவென்று நானே பாதியைத் தின்றேன். பிறகு தேநீர். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு கசப்புத் தேநீரை உறிஞ்ச வேண்டும். எங்கள் யாழ்ப்பாண நோயாளிகளும் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

“என் தாள்களும் இப்படித்தான் வந்தன. ஆஃப்கானியர்களுடையது, முக்கியமாக,” என்றாள். “அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது உன்னுடையதையும் பார்க்கும்போது சரியாகப் படவில்லை. மனிதர்கள் இவ்வளவு ஒழுங்கா?”

பொறாமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, ஊஸ்டரில் சூரிச் ரயில் ஏறினேன். குல்லாவைக் கண்வரை இழுத்து, மஃப்ளரைச் சுற்றி, கொட்டாவி விட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பின் இருக்கையில் இரண்டு பேர் தமிழில் கதைக்கிற சத்தம். ஒரு குரல் கரகரப்பு, இன்னொன்று பாதி காற்று. பார்க்காமலே தெரிந்தது, ரஞ்சன் அண்ணையும் புவனேஸ்வரி அக்காவும். அன்று இருவருக்குமே இரண்டாம் தடவை.

“பத்துக்கு என்ன போட்டனீங்கள்?” என்றார் அக்கா.

“பத்துக்கு... சிலசமயம்.”

“போனை வடிவாப் பாருங்கோ.”

“ஓம், ஓம், சிலசமயந்தான். பதினொண்டு ஒருபோதும் இல்லை. பன்னிரண்டு அடிக்கடி.”

“எனக்குக் கரைச்சல் இல்லை. எல்லாம் ஒரே பக்கந்தான் போட்டனான்.”

எழுந்து திரும்பினேன். ரஞ்சன் அண்ணையின் கையில் போன், அதில் போன தடவை அவர் நிரப்பிய தாளின் படம். என்னைக் கண்டதும் போன் பைக்குள் போய்விட்டது.

“நாங்கள் களவு ஒண்டும் செய்யேல்லை, மிஸ்.”

“எதுக்கு அண்ணை மனப்பாடம் பண்றீங்க? இது பரீட்சை இல்லையே.”

“அதில்லை. மாறினால் பொய் எண்டு சொல்லுவினமெல்லே.”

“யாரு சொல்லுவாங்க?”

இரண்டு பேரும் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அக்காதான் சொன்னார், மூச்சு விட்டு விட்டு.

“நாங்கள் வந்த புதுசில அகதி விசாரணை, பிள்ளை. ஒருக்காக் கேப்பினம். பிறகு கனநாள் விட்டு, அதே கேள்வியை இன்னொருத்தர் கேப்பார். ரெண்டும் ஒண்டா இருக்கவேணும். என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு அவன் என்ன உடுப்போட நிண்டவன் எண்டு கேட்டவை. முதல் தரம் நீலச் சட்டை எண்டு சொன்னனான். ரெண்டாந்தரம், மேல்சட்டை போடேல்லை எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டும் உண்மை. சட்டையைத் தோளில போட்டுக்கொண்டு நிண்டவன். அதை ஆர் கேட்டது? முரண் எண்டு எழுதி, என்ர கேஸை நிராகரிச்சுப்போட்டினம். பிறகு அப்பீல், அது இதெண்டு வருசக்கணக்கா இழுபட்டது.”

ரஞ்சன் அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்குப் பிறகு இஞ்ச எந்த ஒபிஸில எதைக் கேட்டாலும் முதல் என்ன சொன்னனாங்கள் எண்டுதான் பாப்பம்” என்றார்.

“சரி அக்கா. போன தடவை எழுதுனதை விடுங்க. உண்மையிலே குரல் எப்படி இருக்கு?”

அவர் கைப்பையின் வாரை நிமிண்டினார். “அண்டைக்கு எங்கட மேற்பார்வையாளர் பக்கத்தில இருந்தவவெல்லே. தமிழ் தெரியாட்டியும் கோடு எந்தப் பக்கம் விழுது எண்டு தெரியுந்தானே. வேலையில குரல் போகுது எண்டு அவவுக்கு முன்னால போட்டால், நானே கீழ போறன் எண்டு சொன்ன மாதிரி.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “காலமை பத்து மணிக்கே போயிடுது, பிள்ளை. ஒரு கிழவர் இருக்கிறார், நான் கூப்பிட்டால்தான் சாப்பிட வருவார். இப்ப கையைத் தட்டிக் கூப்பிடுறன். நான் என்ன நாயோ எண்டு கோவிக்கிறார். அவர் கோவிக்கிறது நியாயந்தானே.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த விசாரணைக்காரர்கள் மேல் பாதி, என் மேல் பாதி. முந்தின நாள் முழுக்க இந்தப் பயத்தைத்தான் என் தமிழின் வெற்றி என்று கொண்டாடியிருக்கிறேன்.

மருத்துவமனை கேன்டீனில் மஹ்னாஸைப் பிடித்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவும் எங்களோடு இருந்தார். மஹ்னாஸ் தன் காபியைத் தள்ளி வைத்தாள்.

“என் ஆஃப்கானியர்களும் இதே விசாரணையில் உட்கார்ந்தவர்கள்தான்,” என்றாள். “நான்தான் சரியாகப் படவில்லை என்று வாயால் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். உன் தாள்களும் குப்பை, என் தாள்களும் குப்பை.”

அவளுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. இரண்டாம் தடவை கேள்விகளின் வரிசையைக் கலைத்துக் கொடுத்தால் மனப்பாடம் உதவாதே. இதை நான் தமிழில் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினார்.

“அங்கயும் அப்பிடித்தான். மாத்தி மாத்தித்தான் கேட்டவை.”

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மஹ்னாஸ் அந்த யோசனையை அதோடு கைவிட்டாள். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து இரண்டு மொழிகளிலும் படிவத்தின் தலையில் ஒரு வரி எழுதினோம்: போன தடவை சொன்னதை நினைவில் வைத்திருக்க வேண்டாம், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது மட்டும் போதும், மாறலாம். எங்கள் வேலை ஆரம்பத்திலிருந்து மறுபடி நடக்கும். அது போகட்டும், அன்று காலை அக்காவின் பெயர் டாக்டரின் பட்டியலில் இருந்தது.

நிரப்பாத படிவம் ஒன்றை அக்கா முன்னால் வைத்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

“மாத்திப் போட்டால் டொக்டர் என்ன கேப்பார்?”

“எனக்குத் தெரியலை, அக்கா.” வேறென்ன சொல்வது? அந்த மனிதரை எனக்கு ஒரு மாதம்கூடப் பழக்கமில்லை. “ஏன் மாத்துனீங்கன்னு கேட்டாலும் கேட்பாரு. கேட்டா நானும் மஹ்னாஸும் பக்கத்துல இருப்போம்.”

“அண்டைக்கும் பக்கத்தில ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தவர்” என்றார் அக்கா.

நான் அங்கே நின்றால் அவர் எழுதமாட்டார் என்று தோன்றியது. தாழ்வாரத்தில் போய் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு நர்ஸ் எனக்கு ஏதாவது வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். திரும்பி வந்தபோது அக்கா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். கோடுகள் நடுவிலும் வலது பக்கத்திலும் கிடந்தன. வேலை பற்றிய கேள்விகளில் எல்லாம் வலது ஓரத்தில். ஒரு கோடு காகிதம் கிழிகிற அளவுக்கு அழுந்தியிருந்தது.

டாக்டர் பழைய தாளை ஒரு கையிலும் புதுத் தாளை ஒரு கையிலும் எடுத்தார். அக்கா நாற்காலியின் விளிம்பில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். அந்த மனிதர் மெதுவாகப் படித்தார், எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. பழைய தாளைக் கீழே வைத்தார். புதியதைக் கோப்பில் செருகினார். ஜெர்மனில் ஏதோ சொன்னார், மஹ்னாஸ் என் காதில் சொன்னாள்: அப்படியானால் கட்டியை எடுத்துவிடலாம், சின்ன வேலைதான், ஏப்ரலில் நாள் இருக்கிறது. சிகிச்சை முடிகிறவரை இவரை வேறு வேலைக்கு மாற்ற வேண்டாம் என்று முதியோர் இல்லத்துக்கு எழுதுகிறேன். பிறகு எழுந்து கை நீட்டினார்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சுது, அக்கா. போகலாம்.”

“இன்னும் கேக்கேல்லையே, பிள்ளை.”

“என்ன கேட்கலை?”

“ஏன் மாத்தினனான் எண்டு.”

மஹ்னாஸிடம் சொன்னேன், அவள் டாக்டரிடம் சொன்னாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னதும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, கொஞ்சம் குழப்பத்தோடு, நேராக அக்காவைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அக்காவுக்கு அது நேரடியாகவே புரிந்தது. எனக்கு மஹ்னாஸ் சொன்னாள்: “அது உங்கள் குரல். அது எப்படி இருக்கிறதென்று உங்களுக்குத்தானே தெரியும், நான் ஏன் கேட்க வேண்டும்?”

அக்கா கைப்பையின் பிடியைத் தளர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், பாதிக்குமேல் காற்றாகிப்போன குரலில் சொன்னார்.

“அண்டைக்கு எனக்கு முன்னால இருந்தவனும் இப்பிடிச் சொல்லியிருந்தால் அந்த வருசமே பெர்மிட் கிடைச்சிருக்கும். அதுக்குள்ள, இந்தியாவில அகதியா இருந்த அம்மா திருச்சியில செத்தவ. பயணம் போகக் கையில ஒரு கடுதாசியும் இல்லாமல் இஞ்ச ஒரு அறைக்குள்ள இருந்தனான். கொள்ளி வைச்சதைப் போனிலதான் கேட்டனான்.”

டாக்டர் மஹ்னாஸைப் பார்த்தார். மஹ்னாஸ் என்னைப் பார்த்தாள்.

“இதை அவருக்குச் சொல்லாதேங்கோ, பிள்ளை,” என்றார் அக்கா. “அவர் பாவம், நல்ல மனிசன்.”

நன்றி சொல்கிறார் என்று மஹ்னாஸிடம் சொன்னேன்.